என் மருமகள் வாய்க்கு யார் போட்ட பூட்டு?

எங்கள் தெருவில் இப்போது எனக்குப் புதுப் பட்டம். மந்திரக்காரி!

மந்திரம் தெரிந்திருந்தால் முதலில் என் முழங்கால் வலிக்கு அல்லவா போட்டுக்கொண்டிருப்பேன்? அதை யாரும் யோசிக்கவில்லை. என் மருமகள் அஞ்சலைக்கு வாய் திறக்கவில்லை. தெருவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மருமகள் வாய் மூடினால் லாபம் யாருக்கு? மாமியாருக்கு. அப்புறம் என்ன... தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாதான் முதலில் கேட்டாள். குழாயடியில், கூட்டமாகப் பார்த்து.

“இன்னாக்கா, மருமவளுக்கு வாய்க்கட்டு போட்டுட்டியாமே?”

வாய்க்கட்டு உங்களுக்குத் தெரியும்தானே? சாட்சி சொல்லப் போகிறவன் வாயை, சண்டைக்காரி வாயை, மந்திரித்த தகடு வைத்துக் கட்டிவிடுவது. கட்டு நிஜமோ பொய்யோ, எங்கள் பக்கத்தில் அதன் மேல் இருக்கிற பயம் நிஜம்.

“ஆமாண்டி. மந்திரம் கொஞ்சம் மிச்சம் கீது. உனக்கும் போட்டு வுடட்டா?” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள் பாதித் தண்ணீர் புடவையில் கொட்டியிருந்தது. 

நடந்தது இதுதான். ஒரு நாள் காலையில் அஞ்சலை இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனாள். வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் திறந்தது... அதோடு நின்றுவிட்டது. காதுக்குக் கீழே ‘டொக்’ என்று ஒரு சத்தம். அடுப்படியில் நின்ற எனக்கே கேட்டது.

“இன்னாடி, இட்லிக்கு இவ்ளோ பிகு?” என்றேன்.

 அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அப்போதுதான் அது விளையாட்டு இல்லை என்று உறைத்தது.

முதலில் தெருவில் யாரும் கவனிக்கவில்லை. கொரோனா புண்ணியத்தில் எல்லார் வாய்க்கும் மாஸ்க் இருக்கிறதே! உள்ளே இருக்கிற வாய் திறக்கிறதா, மூடியிருக்கிறதா, யார் கண்டது? கஞ்சியை வடிகட்டிக் கொடுத்தேன். பல்லிடுக்கு வழியாகக் குடித்தாள். பல்லிடுக்கு வழியாகவே பேசினாள்.

எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். எனக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள். கரும்புத் தோட்டத்தில் காலில் ஏதோ குத்தியது. மஞ்சளைச் சுட்டு வைத்தோம், மறந்துவிட்டோம். அவளுக்கும் முதலில் பூட்டிக்கொண்டது வாய்தான். ரண ஜன்னி என்றார்கள்; காயம் பட்டால் இப்போது டி.டி. ஊசி போடுகிறார்களே, அந்த நோய். அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

அதனால் அஞ்சலை உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அவள் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“இன்னாத்த பாக்கற அத்த?”

“கொலுசு தேஞ்சி போச்சான்னு பாக்கறேன்டி.”

காயம் எதுவும் இல்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

வீட்டில் ஆம்பளை இல்லையா? இருக்கிறான்... மலையில்! என் மகன் ஏழுமலை மினி லாரி ஓட்டுகிறான். கல்வராயன் மலையிலிருந்து குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்து ஜவ்வரிசி ஆலையில் இறக்குவான். இப்போதுதான் இடஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் மறியல் நடக்கிறதே! ஒரு நாள் எங்கள் ஊர்ப் பையன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அங்கே யாரோ கல் விட்டார்கள். ஒரு பஸ்ஸின் கண்ணாடி போனது. கல்லுக்கு முகம் கிடையாது. வண்டிக்கு நம்பர் உண்டு. அங்கே நின்ற வண்டிகளின் நம்பரை எல்லாம் போலீஸ் எழுதிக்கொண்டு போனதாகப் பேச்சு.

பேச்சுதான். ஆனால் அது போதுமே! வண்டியை ஊரில் விட்டுவிட்டு, பஸ் பிடித்து மலையேறிவிட்டான். கிழங்கு ஏற்றுகிற வீட்டுக்காரர்கள் சோறு போட்டு வைத்துக்கொண்டார்கள். ஏழுமலை என்று பேர் வைத்தேன். ஒளிவதற்கு எட்டாவதாக ஒரு மலை வேண்டியிருந்திருக்கிறது அவனுக்கு!

மேலே டவர் கிடைக்காது. எப்போதாவது ஏதாவது மேட்டில் ஏறி நின்று போன் போடுவான். “எம்மா, நல்லாகீறேன்” என்பதற்குள் லைன் போய்விடும். மிச்சத்தை நாங்களே கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான். கற்பனையில் நல்லது எங்கே வருகிறது?

எலவனாசூர்கோட்டையில் இருக்கிற அஞ்சலையின் அம்மா போனில் சொன்னாள், “கொஞ்ச நாளு பல்லக் கடிச்சிக்கினு இரும்மா.” ஏழுமலைக்காக நாங்கள் போய்ப் பார்த்த வக்கீலும் அதையே சொன்னார். கோவிந்தம்மா சொன்னாள். நானும்தான் சொன்னேன். வேறு என்னத்தைச் சொல்வது?

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா அஞ்சலையைப் பார்த்துவிட்டு, “தாடை மூட்டு மாதிரி தெரியுது. கள்ளக்குறிச்சியில பல் டாக்டர்கிட்டக் காட்டுங்க” என்றார். பல்லே வலிக்கவில்லை, பல் டாக்டர் எதற்கு? கேட்டேன். “அங்க ஒரு படிக்கிற பொண்ணு வந்திருக்கு. மொகத்தப் படம் புடிச்சிப் பாக்குதாம்” என்றார்.

படம் என்றாரா... அது போதாதா எங்களுக்கு? மறுநாள் காலையில் அஞ்சலைக்குத் தலை சீவி, மஞ்சள் பூசி, பவுடர் போட்டு, பொட்டு வைத்துக் கிளப்பினேன்.

“எதுக்கு அத்த இதெல்லாம்?” என்றாள், பல்லுக்கு நடுவில்.

“கம்முனு வா. படத்துல மூஞ்சி டல்லா வுழுந்தா எங்க வூட்ல சோறு போடலன்னு நெனப்பாங்க.”

பஸ் பாதி வழியில் நின்றது. ரோட்டுக்குக் குறுக்கே வெட்டிப் போட்ட கிளை. அன்றைக்கும் மறியல். அடிநாக்கு தெரிய வாயைத் திறந்து பையன்கள் கோஷம் போட்டார்கள். பஸ்ஸுக்குள்ளே என் பக்கத்தில் திறக்காத ஒரு வாய். கேட்பது நியாயமா இல்லையா என்பதைப் படித்தவர்கள் பேசட்டும். எனக்கு அன்றைக்கு ஒரே ஒரு வாயைப் பற்றித்தான் கவலை.

ஓரமாக ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டு வண்டி வண்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலை அவரையே பார்த்தாள். அப்போதுதான் நான் அதைக் கவனித்தேன். மாஸ்க் கயிற்றுக்குப் பக்கத்தில், தாடை முடிகிற இடத்தில், எலுமிச்சங்காய் மாதிரி ஒன்று எழும்பியது... அடங்கியது... மறுபடி எழும்பியது.

கட்டி! போச்சுடா!

ரண ஜன்னி பயம் ஒரு பக்கம் இருக்க, அதற்குத் துணையாகப் புற்றுநோயும் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் வெற்றிலை போடுகிறவள். வர வேண்டும் என்றால் எனக்கு வரட்டுமே! இவளுக்கு ஏன்?

அஞ்சலையை இறக்கி, கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கிளைக்குப் பக்கத்தில் ஒருவன் வழிமறித்தான்.

“எங்க ஆயா போறீங்க? வண்டி எதுவும் போவாது.”

“மருமவளுக்கு வாய் வாங்கப் போறேன்டா. உங்ககிட்டதான் ஜாஸ்தியா கீதே, ஒண்ணு குடுங்களேன்.”

அவன் சிரித்துவிட்டான். “டேய், ஆயாவுக்கு வழி வுடுங்கடா!” என்று கிளையைத் தூக்கிப் பிடித்தார்கள். அந்தப் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ நின்றிருந்தது. நல்ல பையன்கள்தான். அவர்களுக்கும் வீட்டில் ஒருத்தி கஞ்சியோடு காத்துக்கொண்டிருப்பாள் இல்லையா?

ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை. ஆட்டோ குலுக்கிய குலுக்கலில் அஞ்சலைக்கு வலது பக்கம் விண் விண் என்று தெறித்தது. ஒரு டீ வாங்கினேன். குடிக்க இல்லை. சூடான கிளாஸை அப்படியே அவள் கன்னத்தில் ஒட்டிப் பிடித்தேன். ஒத்தடம்! “இதமா கீது அத்த” என்றாள். கூப்பிடுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் வழக்கம்போல நெற்றியில் துப்பாக்கி வைத்துச் சூடு பார்த்தார்கள். ஜுரம் இல்லை என்று உள்ளே விட்டார்கள். உள்ளே அந்தப் படிக்கிற பொண்ணு ஒரு சின்ன கேமராவோடு உட்கார்ந்திருந்தது.

“இதுவும் சூடு பாக்கறதுதான் பாட்டி. தெர்மல் கேமரா.”

தெர்மல் என்றால் எனக்குத் தெரிந்தது நெய்வேலியில் கரண்டு எடுப்பது. “கரண்டு கிரண்டு அடிக்குமாம்மா?” என்றேன்.

“ஒண்ணும் அடிக்காது. நம்ம உடம்பு மேல எங்க சூடு ஜாஸ்தி, எங்க கம்மின்னு கலர்ல காட்டும். அவ்வளவுதான்.”

அஞ்சலையின் மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி ஒரு படம் எடுத்தது. கம்ப்யூட்டரில் முகம் வந்தது. ஐயோ, அது என் மருமகளா? தெருக்கூத்துக்கு வேஷம் கட்டின மாதிரி மூக்கு நீலம், நெற்றி மஞ்சள், கன்னம் திட்டுத்திட்டாக என்னென்னவோ கலர். வலது பக்கம்... நெட்டுக்குத்தாக ஒரு பட்டை. அடுப்புத் தணலை அள்ளி அப்பின மாதிரி செக்கச்செவேல் என்று.

அந்தப் பொண்ணு திரையைப் பார்த்தது. அஞ்சலையைப் பார்த்தது. “ஒரு நிமிஷம்” என்று எழுந்து ஓடியது, பெரிய டாக்டரைக் கூப்பிட.

படம் பார்த்துவிட்டு ஒருத்தி எழுந்து ஓடினால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கு என் தங்கை முகம் தோன்றியது. ஏழுமலை மலையிலிருந்து இறங்கி வருகிற மாதிரியும், நான் வாசலில் நின்று அவனுக்குப் பதில் சொல்ல முடியாமல் விழிக்கிற மாதிரியும் தோன்றியது. எனக்கே வாய் பூட்டிக்கொண்டது. அபூர்வம்தான்!

டாக்டரம்மா வந்தார். திரையை உற்றுப் பார்த்தார். அஞ்சலை கன்னத்துக்கு அருகில் வந்து மோந்தார்.

“பாட்டிம்மா, இந்தப் பக்கம் ஏதாவது ஒத்தடம் குடுத்தீங்களா?”

“இல்லீங்களே... டீ கிளாஸ் தான் வெச்சேன்.”

“எப்போ?”

“இப்பத்தான். நீங்க கூப்புடற வரைக்கும்.”

டாக்டரம்மா திரையில் அந்தச் சிவப்புப் பட்டையை விரலால் அளந்தார். “சரியா ஒரு டீ கிளாஸ் உயரம்!” என்றார். அந்தப் பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. “மஞ்சள், பவுடர் எல்லாம் வேற போட்டிருக்கீங்க. அதுவும் படத்தைக் கெடுக்கும். இது இவங்க சூடு இல்ல பாட்டிம்மா... டீக்கடைக்காரர் சூடு.”

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சிவப்பு டீக்கடைக்காரருடையது என்றால், அவரே எடுத்துக்கொள்ளட்டும்!

முகத்தைக் கழுவச் சொன்னார்கள். முடியைத் தூக்கிக் கட்டி, மாஸ்க் இல்லாமல், ஏசி ரூமில் சும்மா உட்காரச் சொன்னார்கள். உடம்பு அந்த ரூமுக்குப் பழக வேண்டுமாம். கன்னத்தில் கை வைக்கக் கூடாது, எதுவும் குடிக்கக் கூடாது. அதற்கப்புறம் எடுக்கிற படம்தான் நிஜமான படம்.

சும்மா உட்காருவதைவிடக் கஷ்டமான வேலை உண்டா? அஞ்சலையின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. நான் பிடித்து இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது.

“அத்த...”

“இன்னாடி?”

“எனக்கு எதுனா ஆயிட்டா... அவரு வர்றதுக்குள்ள...”

“ஒண்ணும் ஆவாது. ஆனா சொல்லிட்டேன், ஆச்சின்னா உன்னவிட நல்லா மீன் கொழம்பு வெக்கற மருமவளாப் பாத்துக்குவேன்.”

சிரிக்கப் போனாள். ‘டொக்’ என்றது. கன்னத்தைப் பிடிக்கத் தூக்கின கையை நான் விடவில்லை. ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

ரெண்டாவது படம் எடுத்தார்கள். பட்டை காணோம். திட்டுத் திட்டாக இருந்ததும் காணோம். ஆனால் காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் லேசாக ஒரு சிவப்பு. வலது பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி.

“ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கணும். இங்க வித்தியாசம் தெரியுது. மூட்டும் சதையும் ஓய்வே இல்லாம உழைச்சிருக்கு” என்றார் டாக்டரம்மா. “ஆனா படத்தை மட்டும் வச்சு நான் எதுவும் சொல்ல மாட்டேன். சூடு இங்கன்னு படம் காட்டும். ஏன்னு கைதான் பாக்கணும்.”

காதுக்கு முன்னால் விரல் வைத்து, திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார். தாடையை அமுக்கிப் பார்த்தார். அஞ்சலை துடித்தாள். “பல்லைக் கடிங்க” என்றார். கடித்தாள். அந்த எலுமிச்சங்காய் எழும்பியது!

“அந்தக் கட்டி தானுங்க...” என்று எழுந்தேவிட்டேன் நான்.

“இது கட்டி இல்ல பாட்டிம்மா. பல்லைக் கடிச்சா எழும்புற சதை. உங்களுக்கும் இருக்கு, கடிச்சிப் பாருங்க.”

கடித்துப் பார்த்தேன். பாதிப் பல் இல்லாத எனக்கே எழும்பியது! அப்போதும் மனசு ஆறவில்லை. டாக்டரம்மாவின் காதோரம் போய், அஞ்சலைக்குக் கேட்காத மாதிரி, “ரண ஜன்னி இல்லீங்களே?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம். காயம் இருக்கிறதா, கழுத்து விறைக்கிறதா, முழுங்க முடிகிறதா என்று எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டு, “இல்ல பாட்டிம்மா. அது இல்லவே இல்ல” என்றார், என் கையைப் பிடித்துக்கொண்டு.

அப்புறம் கேட்டார், “தூக்கத்துல பல்லைக் கடிக்கிறாங்களா?”

நான் யோசித்தேன். கொஞ்ச காலமாக ராத்திரியில் நறநற என்று ஒரு சத்தம். நான் எலி என்று நினைத்து மசால் வடை வைத்துப் பொறி வைத்தேனே! வடை காய்ந்ததுதான் மிச்சம்.

“அது இவதானுங்களா...?”

“பகல்லயும் கடிக்கிறாங்க. இப்பக்கூடக் கடிச்சிட்டுத்தான் இருக்காங்க” என்று அஞ்சலை பக்கம் திரும்பினார். “ஏம்மா இப்படிக் கடிக்கிறே?”

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள்.

“எல்லாரும் அதாங்க சொன்னாங்க... பல்லக் கடிச்சிக்கினு இருன்னு.”

 அந்த எல்லாரிலும் நானும் உண்டு; அவள் கையை மறுபடி என் மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

வைத்தியம் சொன்னார்கள். குழைந்த சோறு. வீட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம், படம் எடுக்கிற அன்றைக்குத்தான் கூடாது. கொட்டாவி வந்தால்கூடத் தாடைக்குக் கீழே கையைக் கொடுத்து மெதுவாக விட வேண்டும். தூங்கும்போது பல்லுக்கு மேல் மாட்ட அளவெடுத்து பிளாஸ்டிக்கில் ஒரு தகடு. அவள் விரலே மூன்றைச் சேர்த்து வாய்க்குள் நுழைத்தால் நுழைய வேண்டும். அதுதான் கணக்கு.

கடைசியாக, “உதடு ஒட்டணும், பல்லு ஒட்டக் கூடாது. பகல் முழுக்க அதை ஞாபகம் வச்சுக்கணும். எப்படின்னா... ‘ம்’ சொல்லுங்க” என்றார்.

“ம்” என்றாள் அஞ்சலை.

“பாத்தீங்களா? உதடு மூடியிருக்கு, பல்லு சேரல. அப்படியே இருங்க. அப்பப்போ ‘ம்’ சொல்லிக்குங்க.”

கேட்டீர்களா? மருமகள் நாள் முழுக்க ‘ம்’ சொல்ல வேண்டும் என்று டாக்டரே சொல்லிவிட்டார்! எந்த மாமியாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?

ஊருக்கு வந்தோம். தகடு தயாரானதும் போய் வாங்கி வந்தோம். கோவிந்தம்மா விடுவாளா? “டாக்டரு தகடு குடுத்தாங்களாமே அக்கா! தகட்ட தகடாலதான் எடுக்கணும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு பாரேன்!” என்றாள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் இன்னொரு கதை கிளம்பும்.

அஞ்சலை ‘ம்’ சொன்னாள். உப்பு போட்டியா? ம். மாட்டுக்குத் தண்ணி வெச்சியா? ம். ஒரு விரல் ரெண்டு விரலானது. ஆனால் மூன்றாவது விரல் மட்டும் நுழையவே இல்லை. ரோட்டில் ஏதாவது ஜீப் சத்தம் கேட்டால் போதும், அந்த எலுமிச்சங்காய் எழும்பிவிடும். தகடு பல்லுக்குத்தான். மனசுக்கு எங்கே போய் அளவெடுப்பது? நானும் பல்லைக் கடி என்று சொல்வதை நிறுத்திவிட்டு, “பல்ல வுடுடி, பல்ல வுடு” என்று அவள் பின்னாலேயே சுற்றினேன்.

ஒருவழியாக வக்கீல் சொல்லி அனுப்பினார். விசாரித்துப் பார்த்துவிட்டாராம். ஏழுமலை மேல் எதுவும் இல்லை, இறங்கி வரலாம்.

வந்தான். தாடி வளர்த்துக்கொண்டு, ஒரு பை நிறைய மலைநெல்லிக்காயோடு. வாய் திறக்க முடியாத பெண்டாட்டிக்கு அவன் கொண்டுவந்த பண்டத்தைப் பாருங்கள்! வாசலில் நின்று இளித்தான்.

“இன்னா புள்ள, வாயத் தொறக்க மாட்டன்றியாம்? மலை வரைக்கும் பேசிக்கிறாங்க.”

அஞ்சலை அவனைப் பார்த்தாள். “ம்” என்றாள்.

அப்புறம் திறந்தது பாருங்கள்! இத்தனை நாள் பல்லுக்குப் பின்னால் அடைத்து வைத்ததெல்லாம் மடை உடைத்துக்கொண்டு வந்தது. கண்ணீரும் திட்டும் ஒன்றாக. போன் எங்கே, புத்தி எங்கே, பெண்டாட்டி ஞாபகம் எங்கே... மூன்று விரல் என்ன, அந்த நெல்லிக்காயே முழுசாக நுழைந்திருக்கும்.

நான்தான் பதறிப்போய்க் குறுக்கே ஓடினேன். “மெதுவாத் திட்டுடி! ஜாஸ்தி தொறக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாங்க!”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கோவிந்தம்மா எட்டிப் பார்த்தாள். “கட்ட அவுத்துட்டியாக்கா?” என்றாள்.

அடுத்த மறியலுக்கு நாள் குறித்திருக்கிறார்களாம். நேற்றுப் பையன்கள் வந்து தெருமுனையில் நின்றார்கள். ஏழுமலை சட்டையை மாட்டினான். வண்டிச் சாவி அஞ்சலையின் இடுப்பில்.

“ஒரு எட்டு போய்ட்டு வந்துடறேன் புள்ள...”

அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. தலையைக்கூடத் தூக்கவில்லை.

“பல்லக் கடிச்சிக்கினு வூட்லயே கெட.”

அவன் என்னைப் பார்த்தான், நானாவது ஏதாவது சொல்வேன் என்று.

உதடு ஒட்ட, பல்லு ஒட்டாமல் நான் சொன்னேன் – “ம்!”